தௌலத் கைமாறிய கதை: செட்டிநாட்டுப் பேரேட்டில் ஒரு வல்லரசின் அந்திமம்

அரபு மொழியில் அரசைக் குறிக்க வழங்கும் 'தௌலத்' என்னும் சொல் ஆழ்ந்து நோக்கத்தக்கது. தால், வாவ், லாம் என்னும் மூன்று வேரெழுத்துகளிலிருந்து பிறக்கும் இச்சொல்லின் முதற்பொருள் அரசு அன்று. சுழலுதல், முறை மாறுதல், ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போதல் என்பதே அதன் முதற்பொருள். அப்பாசியர் தம் ஆட்சியை இச்சொல்லால் அழைத்துக்கொண்டபோது, உமையாக்களின் முறை முடிந்து தங்கள் முறை வந்துவிட்டது என்பதையே அறிவித்தனர். காலப்போக்கில் அது அரசு என்றே பொருள்பட்டது. நம்மவர் பேச்சிலோ 'தவுலத்து' என்றால் செல்வம். திருமறையின் ஆலு இம்ரான் அத்தியாயத்தில், உஹதுக் களத்தில் மனம் தளர்ந்தோருக்கு வெற்றி தோல்விகள் மாறி மாறி வருவதை உணர்த்தும் இடத்தில் இவ்வேர் பயில்கிறது. அல்ஹஷ்ர் அத்தியாயத்தில், செல்வம் செல்வர்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கலாகாது என்று விதிக்கும் இடத்திலும் அதே வேர் பயில்கிறது. அதிகாரமும் பொருளும் ஒரே வேரில் கிளைத்தவை என்பதை மொழியே காட்டிவிடுகிறது.

வல்லரசுகளின் வீழ்ச்சியைக் குறித்து எழுதுவோர் பெரும்பாலும் போர்களையும் உடன்படிக்கைகளையும் கொண்டே எழுதுகின்றனர். பிரிட்டிஷ் பேரரசின் அந்திமத்தைப் பேசும்போது 1942 சிங்கப்பூர், 1947 டில்லி, 1956 சூயெஸ் என்று படிக்கட்டுகளை எண்ணிவிட்டு அமைகின்றனர். அவை உண்மையே. எனினும், அரசு சாய்வதை அதன் படைத்தலைவர்களுக்கு முன்பே உணர்ந்துகொள்பவர்கள், அதன் நிழலில் கடை விரித்திருக்கும் நடுத்தர மனிதர்களே. அவர்கள் ஆண்டவர்களும் அல்லர். முற்றாக ஆளப்பட்டவர்களும் அல்லர். அரசின் சட்டத்தை நம்பிப் பொருளை வெளியே விட்டவர்கள். அத்தகைய ஒரு சமூகத்தின் தாயகம் நம் சிவகங்கை மாவட்டத்திலேயே இருக்கிறது. செட்டிநாட்டு நகரத்தாரின் பர்மாக் கணக்கேடுகள், பிரிட்டிஷ் பேரரசின் தேய்வை எந்த இலண்டன் வரலாற்றாசிரியரும் எழுதாத நுட்பத்துடன் பதிவு செய்துள்ளன என்பது என் கருத்து. அக்கணக்கில் நம் சமுதாயத்தின் பற்றும் வரவும் கலந்தே கிடக்கின்றன.

1824இல் தொடங்கி 1885இல் முடிந்த மூன்று போர்களில் பர்மா முழுவதும் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1852இல் கீழ்ப்பர்மாவின் டெல்டா நிலம் கைக்கு வந்ததே இவற்றுள் பெருமாற்றத்துக்கு வித்திட்டது. இரங்கூன் அந்நாளில் பேரரசு தன் எதிரிகளை ஒதுக்கிவைக்கும் ஊராகவும் இருந்தது. டில்லியின் கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஸஃபர் 1858இல் அங்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1862 நவம்பர் 7இல் மறைந்து, அடையாளமற்ற கபுறில் அடக்கப்பட்டார். அக்கபுறு 1991இல்தான் மீண்டும் கண்டறியப்பட்டது. கால் நூற்றாண்டுக்குள் பர்மாவின் கடைசி மன்னர் தீபா எதிர்த்திசையில் பயணமானார். சென்னை வழியாக இரத்தினகிரிக்கு அனுப்பப்பட்டு 1916இல் அங்கேயே இறந்தார். இந்திய மன்னர் பர்மாவிலும் பர்மிய மன்னர் இந்தியாவிலும் புதைந்து கிடக்க, இரு நாடுகளுக்கும் இடையே ஓடிய ஆங்கிலக் கப்பல்களில் நம் மக்கள் சம்பாத்தியம் தேடிச் சென்றனர். இரு மன்னர்களின் முறை முடிந்த இடத்தில்தான் இவர்களின் முறை தொடங்கிற்று.

நகரத்தார் வழக்கில் கடல் கடந்து தொழில் செய்யப் போவதைக் 'கொண்டுவிக்கப் போதல்' என்பர். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, பின் ஏஜெண்டாக உயர்ந்து, மூன்றாண்டுக் கணக்கு முடித்து ஐந்தொகை எழுதி ஊர் திரும்புவது அவர்தம் தொழில்முறை. இரங்கூன் மொகல் தெருவின் கிட்டங்கிகளில் ஒரே கூரையின்கீழ்ப் பல கடைகள் இயங்கின. கோயிலில் கூடி மாதந்தோறும் நடப்பு வட்டியை நிர்ணயித்தனர். இலாபத்தில் ஒரு பங்கு மகமையாகப் பிரிந்தது. ஒருவர் எழுதிக்கொடுத்த உண்டியலை மற்றொருவர் கேள்வியின்றி ஏற்றார். ஒன்பது நகரக் கோயில்களைச் சார்ந்த உறவுக்கட்டே அவர்களின் ஈட்டுப்பத்திரம். இப்னு கல்தூன் (ரஹ்) 'அஸபிய்யா' என்று பெயரிட்ட குழுப்பிணைப்புக்கு வணிக உலகில் இதைவிடத் தெளிவான சான்று காண்பது அரிது.

இவ்விடத்தில் அந்த அறிஞரைச் சற்று நினைவுகூர்தல் தகும். 1332இல் தூனிசில் பிறந்து 1406இல் கெய்ரோவில் மறைந்த இப்னு கல்தூன், அரசுகளின் சரிவை ஏட்டில் மட்டும் படித்தவர் அல்லர். 1401இல் தைமூரின் படை திமிஷ்கை முற்றுகையிட்டபோது, கோட்டைச் சுவரிலிருந்து கயிற்றில் இறக்கப்பட்டு அந்த வெற்றியாளனை நேரில் சந்தித்தவர். ஓர் அரச மரபின் ஆயுளைத் தலைமுறைக்கு நாற்பது ஆண்டாக மூன்று தலைமுறை என்று அவர் கணித்தார். அதனைப் பஞ்சாங்கமாகக் கொண்டு, கர்நாடகம் ஆங்கிலேயர் வசமாகி மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட 1801இலிருந்து எண்ணினால், கிலாஃபத் இயக்கம் கனன்ற 1921 வருகிறது என்று கூறி மகிழ்வோரும் உளர். அது சுவையான பொருத்தமேயன்றி நிறுவப்பட்ட சான்று அன்று. இமாமிடம் நாம் கற்க வேண்டியது ஆண்டுக் கணக்கை அன்று. அரசின் வலிமை பொருளாக மாறுகிறது. பொருள் சுகமாக மாறுகிறது. சுகத்தைக் காக்கச் செலவு பெருகுகிறது. அச்செலவுக்காக அரசு தன் குடிகளின் பிழைப்பில் கைவைக்கிறது. அதனால் முன்பு சிறிய வரியில் பெரிய வருவாய் கண்ட அரசு, பிறகு பெரிய வரியில் சிறிய வருவாயையே காண்கிறது. இந்த இயக்கமே அவருடைய கண்டுபிடிப்பு.

1869இல் சூயெஸ் கால்வாய் திறந்ததும் பர்மிய அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை அருகில் வந்துவிட்டது. டெல்டாவின் சதுப்புக் காடுகள் வயல்களாயின. 1850களில் பத்து இலட்சம் ஏக்கரை எட்டாதிருந்த கீழ்ப்பர்மாவின் நெல் பரப்பு, 1930களில் எண்பது இலட்சம் ஏக்கரைத் தாண்டிற்று. காட்டைத் திருத்திய பர்மிய உழவனுக்கு முதல் தேவைப்பட்டது. ஆங்கில வங்கிகள் சேற்றில் இறங்கவில்லை. அவை நகரத்தாருக்குக் கொடுத்தன. நகரத்தார் தம் சொந்த முதலோடு அதனையும் சேர்த்து உழவனுக்குக் கொடுத்தனர். 1929-30இல் பர்மா வங்கி விசாரணைக் குழு ஆராய்ந்தபோது, அந்நாட்டில் ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. அவர்தம் தொழிலில் ஈடுபட்டிருந்த தொகை சுமார் 75 கோடி ரூபாய் என மதிப்பிடப்பட்டது. அக்காலத்து 75 கோடி என்பதை வாசகர்கள் கருத்திற்கொள்ள வேண்டும்.

வட்டியை ஹராம் என்று கொள்ளும் நாம் இதனை எவ்வாறு மதிப்பிடுவது? அண்டைச் சமூகம் ஒன்றின் தொழிலைப் பழித்துவிட்டு நகர்வது எளிது, அது ஆய்வாகாது. வட்டி வாங்குபவரோடு கொடுப்பவரையும், அதை எழுதுபவரையும், சாட்சிகளையும் சேர்த்தே கண்டிக்கும் நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அந்த அளவுகோலைக் கையில் எடுத்தால் பர்மாவில் நிகழ்ந்தது தெளிவாகும். பத்திரத்தைப் பதிவுசெய்த எழுத்தர் ஆங்கில அரசு. அடமானத்தை உறுதிசெய்து நிலத்தைக் கைமாற்றிய சாட்சியும் நீதிபதியும் ஆங்கில அரசே. சங்கிலியின் மேல்முனையில் இலண்டன் வங்கிகளும் கீழ்முனையில் பர்மிய உழவனும் இருக்க, இடையில் நின்ற கண்ணி மட்டும் உழவனின் கண்ணுக்குத் தெரிந்தது. அந்த முகம் தமிழ் முகம்.

அரிசி விலை உயர்ந்துகொண்டிருந்தவரை இச்சங்கிலி அறுபடவில்லை. 1929இன் உலகப் பொருளாதாரப் பெருமந்தம் இரங்கூனை எட்டியதும் நெல் விலை பாதிக்கும் கீழே வீழ்ந்தது. உழவனால் முதலையும் கட்ட முடியவில்லை, வட்டியையும் கட்ட முடியவில்லை. நகரத்தாருக்குத் தேவைப்பட்டது பணமே அன்றி நிலம் அன்று. ஆனால் கிடைத்தது நிலம் மட்டுமே. கீழ்ப்பர்மாவின் பதின்மூன்று முதன்மை நெல் மாவட்டங்களில் 1930இல் அவர்கள் வசமிருந்தது நூற்றுக்கு ஆறு பங்கு. 1938இல் அது நூற்றுக்கு இருபத்தைந்து பங்காகி, ஏறத்தாழ 25 இலட்சம் ஏக்கரை எட்டிற்று. காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் உட்கார்ந்திருந்தவர்கள், தாங்கள் கண்ணால் காணாத நிலத்துக்கு உடையவர்களாயினர். இதனைச் செழிப்பின் உச்சம் என்று பலர் கருதுகின்றனர். பேரேட்டைப் படித்தவர்கள் அவ்வாறு கருத மாட்டார்கள். ரொக்கம் நிலமாக உறைந்துபோன கடை, தன்னிடம் பணம் போட்டவர் திருப்பிக் கேட்டால் கொடுக்க இயலாத கடை.

அதே வேளையில் தலைமைக் கடையிலும் அதே நோய் கண்டிருந்தது. உலகின் கடன்காரர்களுக்கெல்லாம் கடன் கொடுத்த இலண்டன், முதல் உலகப்போருக்குப் பின் அமெரிக்காவுக்குக் கடன்பட்டிருந்தது. 1931 செப்டம்பரில் பவுண்டுக்குத் தங்கம் தருவதையே பிரிட்டன் நிறுத்திவிட்டது. விலை வீழ்ச்சியில் தவித்த இந்தியக் கிராமங்கள் பெண்டிரின் நகைகளை விற்க, அத்தங்கம் கப்பல் கப்பலாக இலண்டனுக்குப் போய்ப் பவுண்டைத் தாங்கிப் பிடித்தது. இமாம் கூறிய இறுதிக் கட்டத்தின் குறி, அரசு குடிகளின் பெட்டியைத் திறப்பதல்லவா?

1937ஆம் ஆண்டை இக்கதையின் நடுத்தூண் எனலாம். பிப்ரவரி 10ஆம் நாள் எம்.சி.டி. சிதம்பரம் செட்டியார் நிறுவிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று ஊர்களில் ஒரே நேரத்தில் திறக்கப்பட்டது. தனிக்கடையின் காலம் போய்விட்டது, கூட்டு வங்கியின் காலம் வந்துவிட்டது என்று உணர்ந்த தொலைநோக்கு அது. ஆனால் அடுத்த ஐம்பதே நாளில், ஏப்ரல் முதல் தேதியன்று, பர்மா இந்தியாவிலிருந்து நிர்வாக முறையில் பிரிக்கப்பட்டுவிட்டது. காரைக்குடியையும் இரங்கூனையும் ஒரே ஏட்டில் இணைத்த அதே ஆண்டில், அரசு அவ்விரு ஊர்களுக்கும் இடையே கோடு கிழித்தது.

அக்கோட்டின் மறுபுறத்தில் நம் மக்கள் நிலை என்ன? 1931 குடிக்கணக்கின்படி பர்மாவில் இந்தியர் பத்து இலட்சத்துக்குச் சற்று மேல். இரங்கூன் நகரில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியரே. அவர்களுள் 'சூலியா' என்று அழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் கடைகளும் கொடுக்கல் வாங்கலும் பள்ளிவாசல்களுமாக வாழ்ந்தனர். இளையான்குடி முதலிய ஊர்களின் பல குடும்பங்களில் 'ரங்கோன் வீடு' என்ற அடைமொழி இன்றும் வழங்குவதுண்டு. 1930 மே மாதத்தில் இரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளர்க்கு எதிராகக் கலவரம் மூண்டது. அவ்வாண்டு இறுதியில் சாயா சான் தலைமையில் உழவர் கிளர்ச்சி வெடித்தது. 1938 சூலையில் மூண்ட கலவரமோ முஸ்லிம்களையே குறிவைத்தது. பௌத்த சமயத்தை இழித்ததாகக் கூறப்பட்ட பழைய நூல் ஒன்று அதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது. அந்நூல் முதலில் வெளிவந்தது 1931இல். ஏழாண்டுகள் யாரையும் உறுத்தாத நூல் திடீரென உறுத்தியது ஏன்? நிலமிழந்த உழவனின் சினம் கடன்பத்திரத்தைத் தொட முடியவில்லை. அதற்குக் காவல் இருந்தது. காவலற்ற கடைவீதியையும் பள்ளிவாசலையும் அது தொட்டது. வட்டியை வாங்காதவனும் அதன் பழியைச் சுமந்தான்.

1941 டிசம்பரில் ஜப்பான் இறங்கியபோது வெளிப்பட்டது பேரரசின் படைவலியின்மை மட்டுமன்று. டிசம்பர் நடுவில் பினாங்குத் தீவிலிருந்து ஐரோப்பியர்கள் இரவோடு இரவாக வெளியேற்றப்பட்டனர். மலாய்க்காரரும் சீனரும், கப்பித்தான் கிளிங் பள்ளியைச் சூழ வாழ்ந்த நம்மவரும் விடிந்ததும் ஆளற்ற அரசு அலுவலகங்களைக் கண்டனர். டிசம்பர் 23இல் இரங்கூனில் குண்டு விழுந்தது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் சரணடைந்தது. மார்ச் 8இல் இரங்கூன் வீழ்ந்தது. நான்கு முதல் ஐந்து இலட்சம் வரையிலான இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறினர். பெரும்பாலோர் டௌங்கூப் கணவாய் வழியாக அரக்கானுக்கும், தமு வழியாக மணிப்பூருக்கும் காட்டுப்பாதையில் நடந்தனர். காலராவிலும் பசியிலும் பல்லாயிரவர் வழியிலேயே மாண்டனர். கப்பலிலும் வண்டியிலும் வழியிலும் முன்னுரிமை நிறத்தைப் பார்த்தே வழங்கப்பட்டது என்ற குற்றச்சாட்டு அன்றே இந்திய அரசியலில் ஒலித்தது.

ஓர் அரசு தன் அஸபிய்யாவின் எல்லையை வெளிப்படுத்தும் நேரம் இதுவே. அமைதிக் காலத்தில் அதன் சட்டம் எல்லாருக்கும் பொதுவாகத் தோன்றும். படகில் இடம் குறைந்துவிட்ட அன்று அது யாரை முதலில் ஏற்றுகிறது என்பதில்தான் அதன் உள்வட்டம் தெரியும். பிரிட்டிஷ் பேரரசு கிழக்கில் மடிந்தது சிங்கப்பூர்க் கோட்டையில் அன்று. பினாங்குத் துறையில், அந்த இரவில். படை மீண்டும் வந்தது, 1945இல் கொடியும் மீண்டும் ஏறியது. நம்பிக்கை திரும்பவில்லை.

புதிதாக வந்த வல்லரசோ 'ஆசியா ஆசியர்க்கே' என்ற முழக்கத்துடன் வந்தது. அதன் அஸபிய்யா இன்னும் குறுகியது என்பதைச் சயாம்-பர்மா மரண ரயில்பாதையில் மடிந்த பல்லாயிரம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் அறிந்தனர். ஒரு வல்லரசின் வீழ்ச்சியை விடுதலை என்று மட்டும் எண்ணிக் கொண்டாடுவோர் இத்தண்டவாளங்களை மறந்துவிடலாகாது. எனினும், அந்த இடைவெளியில் வேறொரு கனவும் முளைத்தது. 1943இல் நேதாஜி, ஸஃபரின் அடக்கத்தலத்தில் இந்திய தேசிய இராணுவ அணிவகுப்புடன் மரியாதை செலுத்தினார். அவ்வாண்டு அமைந்த ஆசாத் ஹிந்த் தற்காலிக அரசின் ஆலோசகர்களுள் ஒருவராக இருந்தவர் இளையான்குடிப் பகுதியைச் சேர்ந்த கரீம் கனி. பர்மாவின் சட்டமன்றத்தில் இடம்பெற்ற அவர், 1950இல் சிங்கப்பூரில் மரியா ஹெர்டோக் வழக்கை ஒட்டிய கிளர்ச்சிக்காக ஆங்கிலேயரால் காவலில் வைக்கப்பட்டார். சரிந்துகொண்டிருந்த பேரரசோடு மோதிய இம்மனிதரைப் பற்றி நம் தமிழில் விரிவான ஆய்வு எழுதப்பட வேண்டும்.

போர் முடிந்தபோது கணக்கு தலைகீழாகியிருந்தது. இந்தியா பிரிட்டனுக்குக் கடன்பட்டிருந்த காலம் போய், பிரிட்டன் இந்தியாவுக்கு ஏறத்தாழ 130 கோடி பவுண்டு கடன்பட்டிருந்தது. இதனை 'ஸ்டெர்லிங் இருப்பு' என்று பெருமையுடன் எழுதுவதுண்டு. போர்க்காலத்தில் இங்கிருந்து வாங்கிய பண்டங்களுக்கு இலண்டன் காகிதம் எழுதிக் கொடுத்தது, இங்கே நோட்டு அச்சிடப்பட்டது, விலைவாசி ஏறிற்று. பர்மிய அரிசியும் நின்றுபோன 1943இல் வங்காளத்தில் இலட்சக்கணக்கானோர் பட்டினியால் மாண்டனர். அந்த இருப்பின் பின்னால் அப்பட்டினியும் உண்டு. 1946இல் பிரிட்டன் அமெரிக்காவிடம் 375 கோடி டாலர் கடன் பெற்றது. பவுண்டை யார் வேண்டுமானாலும் டாலராக மாற்றிக்கொள்ளலாம் என்ற நிபந்தனையை ஏற்று 1947 சூலை 15இல் கதவைத் திறந்தது; கையிருப்பு கரைவதைக் கண்டு ஆகஸ்ட் 20இல் மூடியது. இடைப்பட்ட நாள்களில்தான் டில்லியிலும் கராச்சியிலும் கொடி மாறிற்று. இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒரே பக்கத்தில் வைத்துப் படிக்கும் பழக்கம் நம் பாடநூல்களுக்கு இல்லை.

1948 சனவரி 4இல் விடுதலை பெற்ற பர்மா, காமன்வெல்த்திலும் சேரவில்லை. அவ்வாண்டே நில தேசியமயச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டத்தில் இழப்பீடு பேசப்பட்டது. செட்டிநாட்டுக்கு வந்து சேர்ந்தது பெரும்பாலும் ஏமாற்றமே. 1962இல் ஆட்சியைப் பிடித்த நே வின், 1963இல் வங்கிகளையும் 1964இல் கடைகளையும் அரசுடைமையாக்கினார். 1964 மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவையாயின. செட்டியாரின் நிலம் போனபோது தப்பித்திருந்த சூலியாவின் மளிகைக் கடையும் துணிக்கடையும் இப்போது போயின. சில இலட்சம் இந்தியர் வெறுங்கையுடன் கப்பலேறினர். தமிழக நகரங்களின் 'பர்மா காலனி'களும் சென்னைத் துறைமுகத்தருகே உள்ள பர்மா பஜாரும் அந்த வரவின் எச்சங்கள்.

பர்மாவை நம்பாமல் முன்பே திரும்பிய பொருள் வேறு வடிவம் எடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்ச ரூபாயும் வழங்க, 1948 சூலை 25இல் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு நேரு அடிக்கல் நாட்டினார். கடல் கடந்து சம்பாதித்த பொருளில் தப்பி நிலைத்தது கல்விக்குக் கொடுத்த பங்கே என்பதற்கு, 1970இல் இளையான்குடியில் எழுந்த டாக்டர் ஜாகிர் உசேன் கல்லூரியையும் இதன் பக்கத்தில் வைத்து எண்ணலாம்.

பிரிட்டனின் கடைசிப் பாடம் எகிப்தில் நிகழ்ந்தது. அது முஸ்லிம் உலகம் கூர்ந்து கற்க வேண்டிய பாடம். கிதீவ் இஸ்மாயீல் கடனில் மூழ்கி, 1875இல் தம் சூயெஸ் பங்குகளைச் சுமார் 40 இலட்சம் பவுண்டுக்குப் பிரிட்டனிடம் விற்றார். மறு ஆண்டே ஐரோப்பியர் எகிப்தின் வருவாயைக் கண்காணிக்கக் கடன் ஆணையம் அமைத்தனர். 1882இல் படை வந்தது. கடன் முன்னே போயிற்று; பீரங்கி பின்னே போயிற்று. 1956 சூலை 26இல் ஜமால் அப்துல் நாஸிர் கால்வாயை நாட்டுடைமையாக்கியதும், பிரிட்டன் பிரான்சுடனும் இஸ்ரேலுடனும் சேர்ந்து படையெடுத்தது. படை களத்தில் தோற்கவில்லை. பவுண்டு சந்தையில் சரிந்தது, பன்னாட்டு நிதியத்தின் உதவிக்கு அமெரிக்கா குறுக்கே நின்றது, படை திரும்பிற்று. எந்தக் கயிற்றால் எகிப்தைக் கட்டினார்களோ, அதே கயிற்றால் தாங்களும் கட்டப்பட்டார்கள்.

அதன்பின் தேய்வு விரைவுற்றது. 1967இல் பவுண்டின் மதிப்பு 2.80 டாலரிலிருந்து 2.40 டாலராகக் குறைக்கப்பட்டது. 1968 சனவரியில், சூயெஸுக்குக் கிழக்கே உள்ள படைகள் 1971 முடிவதற்குள் திரும்பும் என்று இலண்டன் அறிவித்தது. 1971 டிசம்பர் 2இல் ஐக்கிய அரபு அமீரகம் பிறந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 15இல்தான் அமெரிக்க அதிபர் நிக்சன் டாலருக்குத் தங்கம் தருவதை நிறுத்தியிருந்தார். பழைய வல்லரசு வளைகுடாவை விட்டுப் போனதும், புதிய வல்லரசின் நாணயம் தங்கத்தின் கட்டிலிருந்து அவிழ்ந்ததும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தன.

நம் மக்களின் கப்பல் திசைமாறியதும் இக்காலத்திலேயே. ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன தலைமுறையின் பிள்ளைகள், துபாய்க்கும் ஜித்தாவுக்கும் விமானம் ஏறினர். இளைய வாசகர் பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு: வளைகுடா நாடுகள் பலவற்றில் நெடுங்காலம் புழங்கியது இந்திய ரூபாயே. 1959இல் ரிசர்வ் வங்கி அந்நாடுகளுக்கென்றே தனி ரூபாய் நோட்டு வெளியிட்டது. 1966 சூன் 6இல் ரூபாயின் மதிப்பைக் குறைத்ததும் அந்நாடுகள் அதைக் கைவிட்டன. இன்று சவூதி ரியால் 1986 முதல் டாலருக்கு 3.75 என்றும், அமீரகத் திர்ஹம் 1997 முதல் 3.6725 என்றும் கட்டப்பட்டுள்ளன. நம் ஊர்களுக்கு மாதந்தோறும் வந்து சேரும் திர்ஹமும் ரியாலும் டாலரின் மாற்றுடையே. பாட்டனார் பவுண்டின் நிழலில் பிழைத்தார். பேரன் டாலரின் நிழலில் பிழைக்கிறான்.

அந்த நிழல் எவ்வளவு திடமானது? 1990 ஆகஸ்டில் குவைத் ஆக்கிரமிக்கப்பட்டபோது, அம்மான் வழியாக ஏறத்தாழ 1,70,000 இந்தியர் விமானத்தில் மீட்கப்பட்டனர். 1942இல் காட்டில் நடந்தவர்க்கும் இவர்க்கும் இருந்த வேறுபாடு, இவர்களை அழைத்துக்கொள்ளச் சொந்த நாடென ஒன்று இருந்ததே. 2008இன் நிதி நெருக்கடியும் 2021 ஆகஸ்டில் காபூலிலிருந்து அமெரிக்கா வெளியேறிய காட்சியும் பலரை 'அமெரிக்காவின் முறை முடிந்தது' என்று எழுதத் தூண்டின. விமான நிலையத்தில் யார் ஏற்றப்பட்டனர், யார் விடப்பட்டனர் என்ற கேள்வி பினாங்கை நினைவூட்டியது உண்மையே. உலக நாடுகளின் கையிருப்பில் டாலரின் பங்கு இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நூற்றுக்கு எழுபதளவில் இருந்து, அறுபதுக்கும் கீழே இறங்கியுள்ளது. 2024 நிதியாண்டில் அமெரிக்க அரசு தன் கடனுக்குக் கட்டிய வட்டி, அதன் பாதுகாப்புச் செலவை விஞ்சிற்று. 2022இல் உருசிய மத்திய வங்கியின் கையிருப்பு முடக்கப்பட்டதைக் கண்ட நாடுகள் பல, தங்கத்தை மிகுதியாக வாங்கத் தொடங்கின. 2023 மார்ச்சில் சவூதியையும் ஈரானையும் கைகுலுக்க வைத்த இடம் பெய்ஜிங். 2024 சனவரியில் எகிப்தும் ஈரானும் அமீரகமும் எத்தியோப்பியாவும் பிரிக்ஸ் அமைப்பில் சேர்ந்தன.

இவற்றைப் படித்து உவகை கொள்வோரிடம் இரண்டை மட்டும் கூறலாம். பிரிட்டன் தங்கக் கதவை மூடிய 1931க்கும் சூயெஸுக்குக் கிழக்கே இருந்து திரும்பிய 1971க்கும் இடையே நாற்பது ஆண்டுகள், இமாமின் கணக்கில் ஒரு முழுத் தலைமுறை, கடந்தன. அத்தலைமுறை முழுவதும் பவுண்டு புழங்கிக்கொண்டே இருந்தது; 'இன்னும் நிற்கிறதே' என்று நம்பி முதலிட்டவர்களும் இருந்தார்கள். மற்றொன்று, இடமாற்றத்தின் விலையை வெளியேறும் வல்லரசும் கட்டுவதில்லை, புகும் வல்லரசும் கட்டுவதில்லை. இடையில் நிற்பவர்களே கட்டுகிறார்கள். அமெரிக்கா தளரும் நாளில் வளைகுடாவில் நம் பிள்ளைகளின் வேலை, சேமிப்பு, அங்கே தங்கும் உரிமை ஆகியவை எந்தச் சட்டத்தின்மேல் நிற்கும் என்ற கேள்வியை ஜமாஅத்துகளும் சங்கங்களும் இப்போதே எழுப்ப வேண்டும். 1937இல் அக்கேள்வியை எழுப்பியிருந்தால் 1942இல் குறைந்தபட்சம் ரொக்கமாவது ஊருக்கு வந்திருக்கும். ஒருசில கடைகள் எழுப்பின; பொருளில் ஒரு பகுதியைத் தப்பவும் வைத்தன.

அமெரிக்காவிடம் 1946இல் பெற்ற கடனின் கடைசித் தவணையைப் பிரிட்டன் 2006 டிசம்பர் இறுதியில் கட்டி முடித்தது. அறுபது ஆண்டுகளில் அந்தக் கணக்கு நேராயிற்று. பர்மிய நிலங்களின்மேல் செட்டிநாடு எழுதிவைத்த பற்று இன்னும் ஏட்டிலேயே நிற்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில், இடிக்கப்பட்ட வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்களும் இரங்கூன் மரவைகளும் விலைக்குக் கிடைக்கின்றன.